சுக்கு பிஸ்கட் வீட்டுக்கு வயது நூறு

யோகலட்சுமி கடைசியாகக் கேட்டது ஒரு பல்குச்சி. சர்க்கரைச் சாந்து நிரப்பிய காகிதக் கூம்பின் முனை அடைத்துக்கொண்டது. மனுச பிஸ்கட்டின் சட்டையில் முதல் பொத்தான் விழுந்தது, இரண்டாவது விழவில்லை.

"எந்திரிச்சு ஒரு பல்குச்சி எடுத்துத் தாங்க. தச்சுப்பட்டறை வச்சிருக்கீகன்னுதான் பேரு, வீட்டுல ஒரு குச்சிக்கு வழியில்ல" என்றாள்.

சேவுகப்பெருமாள் அலமாரியைத் துழாவிவிட்டு, கொல்லைக்குப் போய், தேக்குச் சிம்பு ஒன்றை எடுத்துச் சீவினார். ஊதிப் பார்த்தார். முனையை விரலில் குத்திப் பார்த்தார். ஆசாரிக்குப் பல்குச்சியைக்கூட அவசரமாகச் செய்ய வராது. திரும்பி வந்தபோது அவள் மேசையில் தலையைச் சாய்த்திருந்தாள். நேரமாக்கியதற்குக் கோபித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, குச்சியை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று நின்றார்.

மாரடைப்பு என்றார்கள்.

மேசையில் மிச்சமிருந்தவை பிஸ்கட்டால் கட்டிய ஒரு வீடும், அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்த வேண்டிய பிஸ்கட் மனிதர்களும். யோகலட்சுமி பல வருடம், பழைய வீட்டை ஓட்டலாக்கிய ஓரிடத்தில் சமையல்கட்டில் வேலை பார்த்தவள். டிசம்பர் மாதம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும்போது சுட்டுக் கொடுக்கப் பழகிய பண்டம் அது. ஓட்டல் வேலையை விட்ட பிறகும் பண்டம் அவளை விடவில்லை. வருடமெல்லாம் அரியக்குடிப் பெருமாளைக் கும்பிடுகிறவளுக்கு, டிசம்பர் நெருங்கினாலே கை மட்டும் கிறிஸ்துமஸுக்குப் போய்விடும். சுக்கு, பட்டை, கிராம்பு, கருப்பட்டிப் பாகு போட்டு மாவு பிசைவாள். சேவுகப்பெருமாள் பிளைவுட்டில் அச்சு அறுத்துக் கொடுப்பார். "கூரை ரெண்டு நூல் தடிப்பா இருக்கு" என்று திருப்பி அனுப்புவாள். சுட்ட துண்டுகளை முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்த சாந்தால் ஒட்டினால் வீடு எழும்பிவிடும். அதுவும் படத்தில் வருகிற குளிர்நாட்டு வீடல்ல. முகப்பு, வரிசைத் தூண், நடுவில் வளவு என்கிற முற்றம், இரட்டைக் கூரை என்று காரைக்குடித் தெருவில் நிற்கிற வீடு. ஆண் பிஸ்கட்டுக்கு வேட்டிக்கரை, பெண் பிஸ்கட்டுக்கு முந்தானை. தெருவில் அதற்குச் சுக்கு பிஸ்கட் என்று பெயர்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்த வீடு அங்கன்வாடிக்குப் போகும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து இடித்துத் தின்பார்கள். இந்த வருடமும் யோகலட்சுமி முன்கூட்டியே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். யாருக்கு எந்தப் பாகம் என்று பங்கும் பிரித்தாகிவிட்டது. நிவேதா என்கிற ஒரு வாண்டு, நிலைவாசல் தனக்குத்தான் என்று மற்ற பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருந்தது.

துக்க வீட்டில் கூட்டம் கூடியதால், வீட்டைத் தூக்கிப் பட்டறையின் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார் சேவுகப்பெருமாள். எறும்பு ஏறாமலிருக்க அலமாரியின் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார். காரியமெல்லாம் முடிந்து அவர் மறுபடி பட்டறையைத் திறந்த அன்று, பக்கத்து ஜெராக்ஸ் கடை ஸ்வேதா வந்து அலமாரிக்கு முன் நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டோ எடுத்து, போனில் ஸ்டேட்டஸ் வைத்தாள். "யோகா அக்கா கட்டுன வீடு. அப்படியே இருக்கு" என்று கீழே எழுதினாள்.

அந்த ஒரு வரிதான் பாரம்பரிய மனைக்காப்பு மன்றத்தின் கண்ணில் பட்டது.

மன்றத்தின் நிலைமையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். வட்டாரத்தில் பத்துப் பழைய வீடுகளைப் பாதுகாக்கப்பட்டவை என்று வருட முடிவுக்குள் அறிவிக்க வேண்டியது அதன் கடமை. ஒன்பது ஆகியிருந்தது. அந்த ஒன்பதில் மூன்றுக்குக் கூரை இல்லை; ஒன்றுக்கு வீடே இல்லை, வாசற்படி இருந்தது. பத்தாவதாக நெற்குப்பை என்கிற ஊரில் ஒரு நல்ல வீட்டைப் பிடித்திருந்தார்கள். அதற்குப் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இரண்டு பேர், மற்றவன் போட்டால் நான் போடமாட்டேன் என்பதில் ஒற்றுமையாக இருந்தார்கள். மன்றம் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் போட்டோ வந்தது. முகப்பு சிதையாத வீடு. ஓடு நகராத கூரை. வெள்ளையடித்த சுவர். அன்று மதியமே கூடி, வடை வருவதற்குள் தீர்மானம் போட்டு, பத்தாவது வீடாக அறிவித்துவிட்டார்கள்.

செயலாளர் முத்துக்கண்ணன் மறுநாள் விலாசம் விசாரித்து வந்தார். பட்டறை வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். வீடு எங்கே என்று கேட்டார். சேவுகப்பெருமாள் அலமாரியைக் காட்டினார். முத்துக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, மன்றத் தலைவருக்குப் போன் போட்டார். தலைவர் ஏகப்பன் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்தத் துறையில் என்று அவரே பல மேடைகளில் மறந்திருக்கிறார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுவர் இருக்கிறதா என்றார் தலைவர். இருக்கிறது. கூரை இருக்கிறதா? இருக்கிறது. ஒழுகுகிறதா? ஒழுகவில்லை.

"அப்ப நம்ம பட்டியல்லயே இதுதான்யா நல்ல வீடு" என்றார் தலைவர். "எவ்வளவு உசரம் இருந்தா வீடுன்னு விதியில எங்கயாச்சும் இருக்கா? தேடிப் பாரு. இருக்காது. நான்தான எழுதுனேன்."

முத்துக்கண்ணன் பையைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். நான்கு எல்லையையும் குறித்தார். கிண்ணங்களைக் கண்டு, வீட்டின் நாற்புறமும் நீர்நிலைகள் என்று எழுதினார். முகப்பில் நிற்பவர்கள் பங்காளிகளா, வாடகைக்கு இருப்பவர்களா என்று கேட்டார். பிஸ்கட்டுகள் என்றார் சேவுகப்பெருமாள். முத்துக்கண்ணன் யோசித்துவிட்டு, குடியிருப்போர் சமூகத்தில் ஒருவருக்கொருவர் உருவ ஒற்றுமை மிகுதி என்று எழுதினார். ஒரு பொத்தானோடு நின்ற பிஸ்கட்டைப் பார்த்து, இது முடிவுபெறாத பணி, முதலில் கட்டியவரே வந்து முடித்துத் தர வேண்டும் என்றார்.

"கட்டுனவுக எங்க?"

"இல்லைங்க."

"வெளியூரா?"

சேவுகப்பெருமாள் அலமாரிக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார்.

"வெளிநாடா? இங்க பூரா வீட்டுக்காரவுகளும் வெளிநாட்டுலதான் இருக்காக. எப்ப வருவாக?"

"செத்துப்போயிட்டா, சார். என் வீட்டுக்காரி."

முத்துக்கண்ணன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தாளை மேலும் கீழும் பார்த்தார். கெட்ட மனிதரில்லை. அவருக்கு உண்மையாகவே சங்கடமாக இருந்தது. "இதுல அதுக்குத் தனிக் கட்டம் இல்ல, ஆசாரியாரே. வெளிநாடுன்னே போட்டுக்கிறேன்" என்றார்.

மறுநாள் பலகை வந்தது. 'பாரம்பரியக் கட்டடம். இதை இடிக்கவோ, மாற்றவோ, உட்புகவோ கூடாது' என்று எழுதியிருந்தது. வீட்டைவிடப் பலகை மூன்று மடங்கு பெரிது. முகப்பில் நான்கு ஆணி அடித்து மாட்ட வேண்டும் என்று விதி. ஆணியைப் பார்த்ததும் சேவுகப்பெருமாள் முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, பலகையை அலமாரிக் கண்ணாடிமேல் கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நன்றாகப் பாதுகாக்கிறார்கள் என்றார்கள்.

சேவுகப்பெருமாளுக்குக் கவலை வேறு. மார்கழி மழை ஈரம் ஏறினால் பிஸ்கட் நமுத்துப்போகும். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகள் தினமும் பட்டறை வழியாகப் போகும்போது பலகைக்குக் கீழே குனிந்து, தங்கள் பாகம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயின. யோகலட்சுமி கொடுத்துவிட்டுப் போன கடைசி வாக்கு அது. அவர் மன்றத்துக்கே போய், வீட்டைப் பிள்ளைகள் தின்ன அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். தலைவரிடம் சொல்கிறோம் என்று திருப்பி அனுப்பினார்கள்.

தலைவர் ஏகப்பனே நேரில் வந்தார். பட்டறையில் மாலை போட ஏற்பாடு இல்லாததால் தானே ஒன்று கொண்டுவந்து, முத்துக்கண்ணனிடம் கொடுத்துத் தன் கழுத்தில் போடச் சொன்னார். பிறகு மரத்தூளின்மேல் நின்று பேசினார்.

"ஆசாரியாரே, ஒண்ணு புரிஞ்சுக்கங்க. ஒரு வீட்டுக்கு முதல் எதிரி யாரு? மழையில்ல, கரையானில்ல. அதுல குடியிருக்கிறவன். கதவைத் திறப்பான், தரையைக் கழுவுவான், அடுப்புப் பத்த வைப்பான். ஆளே இல்லாத வீடுதான் காப்பாத்துறதுக்குச் சுலபம். இந்த மன்றம் வந்த பிறகு ஒரு வீடுகூட இடிஞ்சதில்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இடிஞ்சதுக்கெல்லாம் நல்ல போட்டோ வச்சிருக்கோம். இடியறதுக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு. நீங்க திங்கணுங்கறீக. தின்னுட்டா பிந்தின போட்டோவுக்கு என்ன இருக்கும்?"

கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். சேவுகப்பெருமாளும் தட்டினார், தலைவர் கழற்றிய மாலையை அவர் கையில் கொடுத்திருந்ததால் சத்தம் வரவில்லை.

விதியில் ஒரு வழி இருப்பதாக ஸ்வேதா கண்டுபிடித்துச் சொன்னாள். வீடு தானாக இடிந்தால் இடிபாட்டை உரிமையாளர் அன்றே அள்ளிக்கொண்டு போக வேண்டும். அன்றிலிருந்து சேவுகப்பெருமாள், புதுவயல் மில்லுக்கு நெல் ஏற்றிப்போகும் லாரிகள் பட்டறை வாசலைக் கடக்கும்போதெல்லாம் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். உளி அதிர்ந்தது, இழைப்புளி அதிர்ந்தது, அவருடைய பல்கூட அதிர்ந்தது. வீடு அசையவில்லை. தன் கைவேலை ஒன்று விழாமல் நிற்பதைப் பார்த்து அவர் வருத்தப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்து மன்றத்தின் பொறியாளர் அருண்பாண்டியன் தலைவரோடு வந்தார். கட்டடத்தின் உறுதியைச் சோதிக்க வேண்டும் என்று கிழக்குச் சுவரிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மாதிரி வெட்டினார். மோந்தார். மறுபடி மோந்தார். கடமை உணர்ச்சியோடு நாக்கில் வைத்தார்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவருக்குச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டியும் கடுக்காயும் அரைத்துப் பூசினார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஓட்டலுக்கு வருகிறவர்களிடம் அதை மட்டுமே சொல்லி வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு சுவரைத் தின்று பார்த்து உறுதிசெய்தவர் அதுவரை யாருமில்லை. அருண்பாண்டியன் கண்ணை மூடித் திறந்தார்.

"ஐயா, முட்டை வெள்ளைக்கரு இருக்கு. கருப்பட்டி இருக்கு. இந்தக் கலவையை இப்ப யாரும் போடுறதே இல்ல. இது நூறு வருசத்துக்குக் குறையாது" என்றார்.

"சார், அது போன மாசம் சுட்டது" என்றார் சேவுகப்பெருமாள்.

"சுட்டதா?" பொறியாளர் உடனே குறித்துக்கொண்டார்: சுட்ட செங்கல். "சூளை எங்க இருந்துச்சு?"

"வீட்டுலதான். அடுப்பாங்கரையில."

சூளை மனைக்குள்ளேயே அமைந்திருந்தது என்று எழுதி, பொறியாளர் அடிக்கோடிட்டார். கடுக்காய் மட்டும் தட்டுப்படவில்லையே என்று கொஞ்சம் குழம்பினார். நாக்குக்குத் தெரியாத அளவில் போடுவதுதான் அந்தக் காலத்துத் திறமை என்று தலைவர் தெளிவுபடுத்தினார்.

மன்றத்தின் சான்றிதழில், கட்டியவர் யோகலட்சுமி, காலம் நூறு ஆண்டுகளுக்கு முன் என்று அச்சாகி வந்தது. சேவுகப்பெருமாள் அதை இரண்டு தடவை படித்தார். வயதில் ஒன்றைக் கூட்டிச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள். இதைப் பார்த்திருந்தால் அந்த மன்றத்தில் ஒருத்தருக்கும் அவள் கையால் காப்பி கிடைத்திருக்காது.

நூறு வருடம் என்று ஆனதும் மன்றத்துக்குப் பொறுப்பு கூடிவிட்டது. கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஒரே காலத்தவையா என்று ஒருவர் ஐயம் எழுப்பினார். மேற்கிலும் ஒரு மாதிரி வெட்டினார்கள். ஒருவர் தின்று சொன்னால் போதாது, இரண்டாவது கருத்து வேண்டும் என்றார் இன்னொருவர். இரண்டாவது கருத்து முதலாவதோடு ஒத்துப்போனதால் சந்தேகம் வந்து மூன்றாவது கேட்டார்கள். நாலு மணிக்கு டீ வரும் நேரம் பார்த்து உறுப்பினர்கள் வரத் தொடங்கினார்கள். மன்றக் கூட்டத்துக்கு வருடத்தில் ஒரு முறைகூட வராத உறுப்பினர்கள், அன்றாடம் பட்டறையில் வரிசையில் நின்றார்கள். ஒருவர் டீயில் நனைத்து, ஈரப்பதத்துக்குச் சுவர் எப்படித் தாங்குகிறது என்று சோதித்தார். தென்கிழக்குத் தூண் போயிற்று. பின்கட்டு போயிற்று. குடியிருப்போரில் நான்கு பேர் காணாமல் போனார்கள். முத்துக்கண்ணன் அவர்களையும் வெளிநாடு என்று குறித்தார்.

சேவுகப்பெருமாள் அங்கன்வாடி டீச்சர் பிச்சையம்மாளிடம் போய்ச் சொன்னார். இன்னும் நாலு நாள் பாதுகாத்தார்கள் என்றால் நிலைவாசல்கூட மிஞ்சாது என்றார்.

பிச்சையம்மாள் நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். "பாதுகாக்கிற லட்சணத்தைப் பாரு. எங்க பிள்ளைக அஞ்சு நிமிசத்துல செய்யிறதை இவுக இழுத்து இழுத்துச் செய்யிறாக. நான் எழுதித் தாரேன்" என்றாள்.

அவள் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. எங்கள் மையத்தைச் சேர்ந்தவர்கள் இந்த வீட்டை முழுமையாக உடைத்துப் பார்க்க விரும்புகிறார்கள், ஆண்டுதோறும் செய்து வருகிறோம், அனுபவம் உண்டு, கட்டணம் கிடையாது. அவ்வளவுதான். கீழே அங்கன்வாடியின் மைய எண்ணைப் போட்டு முத்திரை வைத்தாள்.

மன்றத்தில் இதை வாசித்தபோது, 'மையம்' என்ற சொல்லுக்கு எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்த மையம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். சென்னையில் இருக்கிற மையமாக இருக்கும் என்றார் ஒருவர். எண் போட்டிருப்பதால் டெல்லிதான் என்றார் இன்னொருவர். கட்டணம் இல்லை என்ற வரியைத் தலைவர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

"சோதனையில ரெண்டு வகை. சேதப்படுத்தாம பாக்குறது ஒண்ணு, சேதப்படுத்திப் பாக்குறது ஒண்ணு. நம்ம மன்றத்துக்கு ரெண்டாவதுலதான் அனுபவம் ஜாஸ்தி. ஆனா மூணாம் தரப்பு வந்து செஞ்சாத்தான் அதுக்கு மதிப்பு" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை, மன்றத்தார் இஸ்திரி போட்ட சட்டையோடு பட்டறையில் காத்திருந்தார்கள். காருக்கு இடம் விட்டுத் தெருவோரம் கயிறு கட்டியிருந்தார்கள். கார் வரவில்லை. டீச்சரின் சேலை நுனியை ஒருவர், அவர் சட்டையை அடுத்தவர் என்று பிடித்துக்கொண்டு, பிச்சையம்மாளுக்குப் பின்னால் ரயில் மாதிரி மையம் வந்தது. அதில் இரண்டு பேருக்கு மூக்கு ஒழுகியது. ஒருவர் கால்சட்டையைக் கையில் வைத்திருந்தார்.

ஏகப்பன் முத்துக்கண்ணனைப் பார்த்தார். முத்துக்கண்ணன் தீர்மானத்தைப் பார்த்தார். ஏகமனதானதை மாற்ற வேண்டுமென்றால் தலைவரே தவறு என்று எழுதித்தர வேண்டும். அப்படி ஒரு வழக்கம் அந்த மன்றத்தில் இல்லை.

"தொடங்கலாம்" என்றார் தலைவர்.

சேவுகப்பெருமாள் பலகையை அவிழ்த்தார். வீட்டை அடிப்பலகையோடு தூக்கித் தரையில் வைத்தார். மேற்குச் சுவரில் பாதி, கூரை, முகப்பு, மூன்று தூண், நிலைவாசல், மனுச பிஸ்கட்டுகள் சில மிச்சமிருந்தன. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தன. ஒவ்வொரு வருடமும் யோகலட்சுமிதான் கூரையில் முதல் தட்டுத் தட்டுவாள். அவர் சின்னச் சுத்தியலை எடுத்தார். அது கனம் என்று வைத்துவிட்டு, விரல் முட்டியால் தட்டினார்.

பிறகு நடந்ததை ஆய்வு என்றே சொல்லலாம், அவ்வளவு அமைதி. கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சத்தியம் வாங்கிய நிலைவாசல் நிவேதாவுக்கே போனது. ஒற்றைப் பொத்தான் பிஸ்கட்டைச் சேவுகப்பெருமாள் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கையை நீட்டினார். அதற்குள் ஒருத்தி அதன் தலையைக் கடித்துவிட்டாள். கடித்ததை மென்றுகொண்டே, மிச்சத்தைப் பெரிய மனதோடு அவர் பக்கம் நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டியதும் அவளுக்கு நிம்மதி.

அடிப்பலகையில் சர்க்கரைத் தூள்கூட மிஞ்சவில்லை. முத்துக்கண்ணன் பேனாவைத் திறந்துகொண்டு முன்னால் வந்தார். முடிவு என்ன என்று தலைவர் பொதுவாகக் கேட்டார். மையத்தின் சார்பில் நிவேதா பதில் சொன்னாள்.

"இன்னும் வேணும்."

மேலும் ஆய்வு தேவை என மையம் கருதுகிறது என்று முத்துக்கண்ணன் எழுதினார்.

மன்றத்தின் பட்டியலில் அது இன்றும் பத்தாவது வீடு. முந்தின போட்டோவும் இருக்கிறது, பிந்தின போட்டோவும் இருக்கிறது. பிந்தினதில் வெறும் அடிப்பலகையைச் சுற்றி உறுப்பினர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். வருடத்தின் இலக்கை எட்டியதற்காகத் தலைவருக்கு ஒரு கேடயம் கிடைத்ததாகக் கேள்வி.

சேவுகப்பெருமாள் வீட்டில் இப்போது ஒரு கேஸ் சிலிண்டர் முன்னைவிட அதிக நாள் தாங்குகிறது. இணைப்பு இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது. சிலிண்டர் போடுகிற இருளாண்டி சீட்டைப் பார்த்து, வாசலில் நின்று, "யோகலட்சுமி" என்று சத்தமாகக் கூப்பிடுவார்.

"உள்ளதான் இருக்கா, கொண்டாங்க" என்பார் சேவுகப்பெருமாள்.